பாத்துக்கலாம் உடுங்க

நல்லாயி பிராசஸிங் மில்லில் நாடியைக் குடியேற்றிய அன்று தேங்காய் உடைத்தார்கள், சூடம் காட்டினார்கள், முதலாளி சென்னியப்பன் தன் கையாலேயே முதல் சென்சாருக்குச் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டும் இட்டார். நாடி என்பது ஆள் இல்லை. மில்லில் இருக்கும் ஒவ்வொரு மோட்டார், பம்ப், வால்வு மீதும் ஒட்டிய ஆயிரத்து நூற்றுச் சொச்சம் சென்சார்களும், அவை சொல்வதையெல்லாம் கேட்டு எந்த இயந்திரம் எப்போது படுக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் மென்பொருளும் சேர்ந்ததுதான் நாடி. பொட்டு வைத்த நாலாவது நிமிடத்தில் அது தன் முதல் எச்சரிக்கையை வெளியிட்டது. 'சென்சார் ஒன்று: மேற்பரப்பில் அந்நியப் பொருள். ஈரம் உண்டு.' முதலாளிக்குப் புல்லரித்துவிட்டது.

"பாத்தீங்களா, சாமி ஏத்துக்கிச்சு" என்றார்.

அந்தப் பெயரை வைத்த பெங்களூர்க்காரர்கள் வைத்தியர் பிடிக்கும் நாடியை நினைத்து வைத்தார்கள். பெருந்துறைத் தொழிற்பேட்டையில் துணிக்குச் சாயம் ஏற்றிப் பிழைக்கும் நம் ஆட்களோ அதை ஓலைச்சுவடி ஜோசியம் என்று எடுத்துக்கொண்டார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. இரண்டிலும் ஆயுள் சொல்வார்கள். இரண்டிலும் சொன்னது தப்பிப்போனால் கேள்வி கேட்க ஆள் இருக்காது.

நாடியின் பக்கத்தில் உட்கார ஒரு மனித உயிர் வேண்டும் என்று விதி இருந்ததால் கோகிலவாணிக்கு அந்த வேலை கிடைத்தது. முப்பத்து நாலு வயது, மின்பொறியியல் படிப்பு, முதல் மாடியில் ஒரு கண்ணாடி அறை, எதிரே ஆறு திரைகள். அங்கிருந்து பார்த்தால் கீழே மில் முழுவதும் தெரியும். வேலை எளிதுதான். ஏதாவது ஒரு இயந்திரம் கொஞ்சம் கூடுதலாக நடுங்கினாலோ சூடானாலோ நாடி மணி அடிக்கும். கீழே இருக்கும் பராமரிப்பு ஆள் மைக்கில் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். பதில் வந்தால்தான் மணி ஓயும். பதிலையும் அதற்குப் பிறகு இயந்திரத்துக்கு என்ன ஆனது என்பதையும் நாடி சேர்த்து வைத்துப் பாடம் படிக்கும். கோகிலவாணி அது படிப்பதை மேற்பார்வை செய்வாள்.

பதில் சொல்லும் ஆள் திருமூர்த்தி. நாற்பத்தேழு வயது ஃபிட்டர், எப்போதும் சட்டைப்பையில் ஒரு பழைய டூத் பிரஷ் வைத்திருப்பார், பல் விளக்க அல்ல, பேரிங் துடைக்க. எந்த மணிக்கும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"பாத்துக்கலாம் உடுங்க."

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் இதைச் சொன்னால் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வீட்டுச் சொந்தக்காரரிடம் கூரை ஒழுகுகிறது என்று போய்ச் சொல்லி இந்தப் பதில் வந்தால், திரும்பும் வழியிலேயே ஒரு வாளி வாங்கிக்கொள்வது நல்லது. மேலதிகாரி சொன்னால் நடக்காது, கீழே இருப்பவர் சொன்னால் மறந்துவிட்டார். தமிழ்நாடு முழுவதும் இந்த ஒரு சொல்லைச் சக்கரமாகப் போட்டுத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் திருமூர்த்தி என்ற விசித்திரப் பிறவி மட்டும் இதை 'நானே போய்ச் செய்கிறேன்' என்ற அர்த்தத்தில் சொல்லிவந்தார். சொன்னபடி செய்தும் வந்தார்.

எப்படிச் செய்வார் என்பதுதான் விஷயம். முறைப்படி ஒரு பேரிங்கைத் தொட வேண்டுமானால் முதலில் வேலைச் சீட்டு போட வேண்டும். அதில் பதினாலு கட்டங்கள். சீட்டு போட்டால் இயந்திரத்தை முறைப்படி நிறுத்த வேண்டும், நிறுத்தினால் சாயத்தில் கிடக்கும் துணி பாழாகும், துணி பாழானால் சூப்பர்வைசர் குதிப்பார். அதனால் திருமூர்த்தி, ஒரு லாட் துணி சாயமேறி முடிந்து அடுத்த லாட் ஏறும் அந்த இருபது நிமிட இடைவெளிக்காகக் காத்திருப்பார். எல்லாரும் டீக்குப் போவார்கள். அவர் கிரீஸ் துப்பாக்கியும் ஸ்பானருமாகப் போய் வேலையை முடித்துவிட்டு, ஆறிப்போன டீயைக் குடிப்பார். ஒரு சீட்டும் போட்டதில்லை. பாய்லர் பம்ப்புகளை மட்டும் மணி அடிக்காவிட்டாலும் தினம் ஒருமுறை போய்த் தொட்டுப் பார்ப்பார்.

"அதென்னங்ணா, அந்தப் பம்ப் மேல மட்டும் அத்தன பாசம்?" என்று ஒருநாள் கோகிலவாணி கேட்டாள்.

"பாய்லர் செவுத்துக்கு அந்தப்பக்கம் என்ன இருக்குதுன்னு பாத்தீங்களா மேடம்?"

மடிப்பு அறை. நாற்பது பெண்கள் நாள் முழுக்க அங்கே துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். இடையில் இருந்தது ஒன்பது அங்குலச் சுவர்.

"பாய்லருக்குத் தண்ணி போறது நின்னா அந்தச் செவுரு செவுரா இருக்காதுங்க" என்றார் திருமூர்த்தி. சொல்லிவிட்டு டூத் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நடந்தார்.

மூன்று வருடம் இப்படி ஓடியது. அப்புறம் பெங்களூரிலிருந்து பிரணவ் வந்தான். சென்னைப் பையன், நாடியை ஈன்றெடுத்த கம்பெனியின் ஆள், சுருக்கம் விழாத சட்டை. முதலாளி அறையில் சுவர் முழுக்கப் படம் காட்டினான். கோகிலவாணியையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"சார், மூணு வருஷத்துல நாலாயிரத்து இருநூத்திப் பன்னெண்டு எச்சரிக்கை. அதுல நூத்துக்குத் தொண்ணூத்தேழு தானா சரியாயிருக்கு."

"தானாவா?" என்றார் சென்னியப்பன்.

"தானா சார். யாரும் வேலைச் சீட்டு போடல. மெஷின நிறுத்தல. ஒரு ஆள் 'பாத்துக்கலாம்'னு சொல்றாரு, அவ்ளோதான். ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல அதிர்வு கொறஞ்சு பழைய நெலைக்கு வந்துடுது. நாடிய பொறுத்தவரைக்கும் ஒரு வார்த்தைக்கு அப்புறம் என்ன நடக்குதோ அதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். சோ, அது என்ன கத்துக்கிட்டு இருக்குன்னா, அந்த வார்த்தைதான் மருந்து."

"மந்திரம்ங்கறீங்க."

"கிட்டத்தட்ட. ஆனா இதுக்கு டேட்டா இருக்கு சார்."

சென்னியப்பன் கெட்டிக்காரர். ஒரு சாயத்தொட்டியில் ஆரம்பித்து இவ்வளவு பெரிய மில் கட்டியவர். மீதியை அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"அப்ப அந்த வார்த்தைய நாடியே சொல்லிக்கிட்டா?"

"அதுதான் சார் அடுத்த வெர்ஷன்!" பிரணவுக்குக் கண் கலங்காத குறைதான்.

கோகிலவாணிக்கு உண்மை தெரியும். தினமும் டீ நேரத்தில் கண்ணாடி வழியாகப் பார்த்தவள் அவள். வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துச் சுவரில் அடுத்த பக்கம் வந்தது. ஒரு மூலையில் சின்ன எழுத்தில், 'கண்காணிப்பு அறை மனிதர்: தேவையா என மறுஆய்வு' என்று இருந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது.

"ஏன் அம்மணி," என்றார் முதலாளி அவள் பக்கம் திரும்பி, "திருமூர்த்தி இல்லாம ஓட்டீரலாமா?"

இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், மூன்று வருடமாக நீ என்ன மேற்பார்வை செய்தாய் என்று கேட்பார்கள், அந்தச் சின்ன எழுத்து பெரிதாகும். பிறகு தனியாக வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நினைத்ததை நம் ஆட்கள் எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொன்னாள்.

"பாத்துக்கலாங்க சார்."

முதலாளி அதை 'ஓட்டிவிடலாம்' என்று எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்ள அவருக்கு முழு உரிமையும் இருந்தது. தனியாகப் போய்ச் சொல்லும் அந்தப் 'பிறகு' வரவே இல்லை.

திருமூர்த்திக்குக் கேன்டீனில் வைத்துச் சால்வை போர்த்தி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதில் பேட்டரி செத்திருந்தது. அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாத்துக்கலாம் உடுங்க" என்றார். போகிற அவசரத்தில் பன்னிரண்டு காகிதங்களில் கையெழுத்து வாங்கினார்கள். அவர் எதையும் படிக்கவில்லை. அவற்றில் ஒன்பதாவது காகிதம் அவர் குரலைப் பற்றியது.

அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை மணி அடித்தது. கோகிலவாணி பழக்கத்தில் கீழே பார்த்தாள். ஒருவரும் இல்லை. தலைக்கு மேலே ஒலிபெருக்கியிலிருந்து திருமூர்த்தி நிதானமாக, தொண்டையைக்கூடச் செருமிக்கொண்டு, "பாத்துக்கலாம் உடுங்க" என்றார். மணி ஓய்ந்தது. திரை பச்சையானது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். அவர் திரும்பி வந்துவிட்டார் என்று ஒரு கணம் உண்மையிலேயே நம்பி, அப்படி நம்பியதற்காக வெட்கப்பட்டு, உட்கார்ந்தாள்.

அன்று மட்டும் அந்தக் குரல் பதினொரு முறை ஒலித்தது. ஒரு இயந்திரத்துக்கும் ஒரு சொட்டுக் கிரீஸ் போகவில்லை. அதிர்வு குறையவும் இல்லை. ஆனால் நாலைந்து நாளில் அந்த இயந்திரங்களுக்கு மணி அடிப்பதே நின்றுவிட்டது. அவள் பிரணவைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அது ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம். ஒரே அளவுல நாலு நாள் நடுங்குச்சுன்னா நாடி அதையே நார்மல்னு எடுத்துக்கும். பழகிடும்."

"மெஷினுக்கா பழகீரும்?"

"நாடிக்கு மேடம்."

முதலாளிக்கு இரண்டு முறை கடிதம் எழுதினாள். திருமூர்த்தி என்ன செய்துவந்தார் என்று விவரமாக எழுதிவிட்டு, அந்த வரிகளை மட்டும் அழித்துவிட்டு, 'பம்ப்புகளை ஒருமுறை ஆள் வைத்துப் பார்த்தால் நன்று' என்று அனுப்பினாள். இரண்டு முறையும் பதில் வந்தது. என்ன பதில் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து துணி வாங்குபவர்கள் மில்லைப் பார்க்க வந்தார்கள். மூன்று பேர். காலை பத்தரைக்கு முதலாளி அவர்களைக் கண்ணாடி அறைக்கு அழைத்துவந்து ஆறு பச்சைத் திரைகளையும் காட்டினார். பாய்லர் அறையில் தண்ணீர் குறைந்தால் அலறுகிற பழைய ஹூட்டரைக்கூட, சத்தம் மாசு என்பதால் நாடியின் பொறுப்பில் விட்டுவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். அந்த நேரம் மணி அடித்தது. குரல் பதில் சொன்னது. வந்தவர்களில் உயரமான பெண்மணி, அது என்ன சொல்கிறது என்று கேட்டார்.

'எல்லாம் கவனிக்கப்பட்டுவிட்டது என்கிறது' என்று முதலாளி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

மறுபடி மணி. மறுபடி குரல். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. நாலாவது முறை கோகிலவாணி நிமிர்ந்தாள். திரையில் எல்லாம் பச்சைதான். ஆனால் நாலும் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தன: பாய்லர், முதல் பம்ப். திருமூர்த்தி ஒரே காரியத்துக்கு இரண்டு முறை அந்தச் சொல்லைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை.

விருந்தாளிகளை இடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். படியிறங்கும்போதே அவருடைய எண்ணை அழுத்தினாள். இரண்டு மாதமாக அழுத்தத் துணியாத எண்.

பாய்லர் அறையில் பிபின் இருந்தான். ஒடிசாக்காரன், முப்பத்தெட்டு வயது, ஒன்பது வருடமாக அந்த நெருப்பைக் காப்பவன். ஊருக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தான். முதல் பம்ப் ஆட்டுக்கல்லில் ஜல்லியைப் போட்ட மாதிரி அரைத்துக்கொண்டிருந்தது. அவன் மாற்றுக்கு வைத்திருந்த இரண்டாவது பம்ப்பின் சுவிட்சுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"பம்ப் இப்டிக் கத்துது, ஏன் பிபின் சும்மா நிக்கறே?"

"மைக்ல சொல்லிட்டேன் மேடம். நாலு தடவ. திருமூர்த்தியண்ணா பாத்துக்கலாம் சொல்லிட்டாரு. இப்ப வருவாரு."

திருமூர்த்தி வேலையை விட்டுப் போனதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் தமிழில் முதலில் கற்ற சொல்லே அதுதான். அந்தக் குரலில் அந்தச் சொல் வந்தால் ஆள் வந்துவிடும் என்பது ஒன்பது வருடத்தில் அவன் கண்ட சத்தியம். அதை நம்பி இருபது நிமிடமாக நின்றிருக்கிறான்.

கைப்பேசியில் திருமூர்த்தி எடுத்தார். "சொல்லுங்க மேடம்..."

"அண்ணா, மொதல் பம்ப்பு தண்ணி ஏத்தாம சும்மா அரைக்குது. பாய்லர் கண்ணாடிக் குழாய்ல தண்ணி மட்டம் தெரியல."

"சுத்தமாத் தெரியலீங்களா?"

"இல்லீங்ணா. பிபின், அந்த ரெண்டாவது பம்ப்பப் போடு!"

"போடாதே!" கைப்பேசி கிழிகிற மாதிரி கத்தினார். பேச்சில் 'மேடம்' இல்லை, 'ங்க' இல்லை. "ஒருத்தரும் தொடக்கூடாது! காஞ்ச சட்டில தண்ணி பட்டா மொத்தமும் வெடிச்சுக் கெளம்பீரும். நெருப்புக்கு ஊதற காத்தாடிய நிறுத்து. வெறகு போறத நிறுத்து. நிறுத்திப்போட்டு, அந்தப்பக்கம் மடிக்கற புள்ளைங்கள வெளிய ஓடச்சொல்லு!"

பிபின் சுவிட்சிலிருந்து கையை எடுத்தான். அவள் காற்றாடியின் நிறுத்தப் பொத்தானை அழுத்தினாள். காற்றாடி நிற்கவில்லை. பக்கத்துச் சின்னத் திரையில் எழுத்துகள் பணிவாக வந்தன. 'அனைத்தும் இயல்பு நிலையில் உள்ளன. நிறுத்துவதற்கான காரணத்தைப் படிவத்தில் நிரப்பவும்.' பதினாலு கட்டங்கள். தலைக்கு மேலே இருந்த ஒலிபெருக்கி அந்த நேரத்திலும் சும்மா இருக்கவில்லை.

"பாத்துக்கலாம் உடுங்க."

கைப்பேசியில் திருமூர்த்தி, "அது யாரு?" என்றார்.

பதில் சொல்ல நேரமில்லை. மின்பொறியியல் படித்ததற்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பலன் கிடைத்தது. சுவரோரம் இருந்த பெரிய இரும்புப் பெட்டியைத் திறந்து, மொத்த மில்லுக்கும் மின்சாரம் போகும் பிடியை இரண்டு கையாலும் கீழே இழுத்தாள். காற்றாடி நின்றது, விறகு ஏற்றும் பட்டை நின்றது, ஒலிபெருக்கி வாயை மூடியது. பிபினும் அவளும் மடிப்பு அறைக் கதவைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். நாற்பது பெண்கள் வெயிலில் வந்து நின்று, என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே பாதி மடித்த துணியை மண்ணில் படாமல் தூக்கிப் பிடித்தார்கள். கோகிலவாணிக்கு அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பாய்லர் வெடிக்கவில்லை. உள்ளே குழாய்கள் வளைந்து தொங்கிவிட்டன, ஒன்பது நாள் மில் நின்றது. வெளிநாட்டு விருந்தாளிகளிடம் முதலாளி அதைத் திட்டமிட்ட பராமரிப்பு நிறுத்தம் என்று சொன்னார். இவ்வளவு துல்லியமாகத் திட்டமிட்டதற்கு அவர்கள் பாராட்டினார்கள்.

பிரணவ் பறந்து வந்தான். இந்த முறை கோகிலவாணி எல்லாவற்றையும் சொன்னாள். டீ நேரம், கிரீஸ் துப்பாக்கி, போடாத சீட்டுகள் எல்லாம். தானாகச் சரியானவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதன் ஆறிப்போன டீயைக் குடித்தான் என்றாள்.

"இது ரொம்ப யூஸ்ஃபுல்லான தகவல் மேடம்" என்றான் பிரணவ், மனதார. "ஆனா நாடி சீட்டுல இல்லாதத நம்பாது. அதுக்கு உதாரணம் வேணும். இப்பதான் அந்த வார்த்தைக்கு ஒரு கெட்ட உதாரணம் கெடச்சிருக்கு. நல்ல உதாரணம் நாலாயிரத்துச் சொச்சம் இருக்கு இல்லயா?"

"அப்ப இன்னும் நாலாயிரம் தடவ பாய்லர் காயணுமா?"

"தியரிப்படி ஆமா."

முதலாளி யோசித்தார். அடுத்த நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. 'இன்று முதல் ஆலை வளாகத்துக்குள் பாத்துக்கலாம் என்ற சொல்லை எவரும் பயன்படுத்தக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.' மதியத்துக்குள் எல்லாரும் 'செஞ்சரலாம்' என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். பொருள் மாறவில்லை. மாலைக்குள் பிரணவ் அந்தப் புதுச் சொல்லை நாடிக்குள் ஏற்றிவிட்டான். ஒலிபெருக்கியில் சோதித்துக் காட்டினான். "செஞ்சரலாம் உடுங்க" என்றது திருமூர்த்தியின் குரல். வாழ்நாளில் அவர் சொல்லாத சொல்லை, அவரே தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"திருமூர்த்தியவே கூட்டிட்டு வந்துரு அம்மணி" என்றார் முதலாளி அன்றைக்கு. "மறுபடி வேல தர்றோம்னு சொல்லு."

காங்கேயத்தில் ஒரு தேங்காயெண்ணெய் ஆலையில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணி அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனார். சுவரில் அந்தக் கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. கோகிலவாணி காபியைத் தொடாமல், மனப்பாடம் செய்துவந்ததையெல்லாம் விட்டுவிட்டு நேராகச் சொன்னாள்.

"அண்ணா, உங்களப் போகச் சொன்னது நாடி இல்லீங்க. நான்தான். மொதலாளி எங்கிட்டத்தான் கேட்டாரு. எனக்கு எல்லாம் தெரியும். என்ற வேலை போயிருமோன்னு பயந்துட்டு, பாத்துக்கலாம்னு சொல்லிட்டனுங்க."

திருமூர்த்தி காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கு வலிக்குதுங்க அம்மணி" என்றார். "மெஷினு சொல்லி அனுப்பிச்சுப்போட்டாங்கன்னு நெனச்சு மனசத் தேத்திட்டு இருந்தேன்."

அவள் முதலாளி சொல்லி அனுப்பியதைச் சொன்னாள்.

"நாளைக்கு மில்லு ஓடுதுங்க. வந்துருங்கண்ணா."

"நான் வரலீங்க."

அவர் வாயிலிருந்து இவ்வளவு தெளிவான பதிலை அவள் கேட்டதே இல்லை.

"பிபின் நல்லாருக்கானுங்களா?"

"நல்லாருக்கான். அன்னிக்கு நீங்க வருவீங்கன்னுதான் நின்னுட்டு இருந்தானுங்க."

"அதாங்க எனக்கு ஆறவே இல்ல. நான் சொன்னேன்னு நம்பி நின்னிருக்கான். நான் சொல்லவே இல்லீங்களே." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். என்ற கொரல அங்கிருந்து எடுத்துப்போடுங்க. அது போதும்."

பிரணவிடம் அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள். ஒன்பதாவது காகிதத்தில் கையெழுத்து இருக்கிறது, முடியாது என்றிருந்தான். அதை இவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாய் முந்திக்கொண்டது.

"பாத்துக்கலாங்கண்ணா."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது. திருமூர்த்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இல்லை. ஒரு பம்ப்பைத் தொட்டுப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

"அது நீங்க சொல்ற பாத்துக்கலாமுங்களா, நான் சொல்றதுங்களா?"

காபி ஆறிவிட்டிருந்தது. எடுத்துக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை மில் ஓட ஆரம்பித்தது. பதினோரு மணிக்கு எல்லாரும் டீக்குப் போனார்கள். கோகிலவாணி ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு கீழே இறங்கினாள். பாய்லர் அறை, சாயக் கூடம், மடிப்பு அறை, கடைசியாகத் தன் கண்ணாடி அறை என்று ஒவ்வொரு ஒலிபெருக்கியாகக் கழற்றி ஒயர்களை வெட்டினாள். மணியை மட்டும் விட்டுவைத்தாள். வேலைச் சீட்டு போடவில்லை.

பதினொன்றரைக்கு மணி அடித்தது. பாய்லர், இரண்டாவது பம்ப், அதிர்வு. நாடி பதில் சொல்லிப் பார்த்தது. ஒரு சத்தமும் வரவில்லை. மணி ஓயவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் திரையில் எழுதியது: 'ஒலிபெருக்கிகள் செயல்படவில்லை. இத்தகைய கோளாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தானாகச் சரியாகிவிடும். காத்திருக்கவும்.'

மேசையில் இருந்த போன் அலறியது. முதலாளி.

"என்ன அம்மணி, இந்த மணி நிக்கவே மாட்டீங்குது? என்னன்னு கொஞ்சம்..."

"போயிட்டு இருக்கறனுங்க சார்" என்றாள்.

போனை வைத்துவிட்டு, காலையில் கேட்டு வாங்கி வைத்திருந்த கிரீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பாய்லர் அறைக் கதவைத் திறந்தபோது பிபின் ஏற்கெனவே கையில் ஸ்பானரோடு பம்ப் பக்கத்தில் குனிந்து நின்றிருந்தான். யாராவது வருவார்கள் என்று அவன் இந்த முறை காத்திருக்கவில்லை. மேலே மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.